மானியம் யார் கைக்குப் போகிறது?

நம் விடுதியில் சாப்பாட்டு வேளையில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "அமெரிக்காவிலே பயிரிடாமல் இருப்பதற்கே பணம் கொடுக்கிறார்களாம்!" என்பார் ஒருவர். "பணக்கார நாடு, கொடுக்கட்டுமே!" என்பார் இன்னொருவர். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? நான் இரசாயன மாணவன். பொருளாதாரம் என் துறையன்று. ஆயினும் படித்தறிந்ததை ஒரே ஒரு கவுண்டியை வைத்துச் சொல்ல முயல்கிறேன். கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. நம் ஜில்லாவைப் போன்றது.

ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் உள்ளது பாயின்செட் கவுண்டி. 1930-களில் அது பருத்திச் சீமை. நிலம் பண்ணைக்காரருடையது, உழைப்பு வாரக்குடிகளுடையது. அக்குடிகளில் வெள்ளையரும் உண்டு, கறுப்பரும் உண்டு. விளைபொருள் விலைகள் அடியோடு வீழ்ந்திருந்த சமயம், 1933-இல், ரூஸ்வெல்ட் சர்க்கார் விவசாயச் சீரமைப்புச் சட்டத்தை இயற்றிற்று. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே பருத்திப் பரப்பைக் குறைப்போருக்குப் பணம் தந்தனர். அந்த ஆண்டு ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரில் நின்ற பயிரையே உழுது அழித்தார்கள்.

விலை ஏறிற்று. ஆனால் குடிகளின் கதி என்ன? ஒப்பந்தம் சர்க்காருக்கும் பண்ணைக்காரருக்கும் இடையே நடந்தது. குடிகளுக்கும் பங்கு தரவேண்டும் என்று விதி இருந்தும், பலர் தரவில்லை. பரப்புக் குறைந்ததால் ஆளும் வேண்டியதில்லை, குடிகள் வெளியேற்றப்பட்டனர். மேற்பார்வைக்கு இருந்த உள்ளூர்க் குழுக்களிலோ பண்ணைக்காரர் கையே ஓங்கியிருந்தது. 1934 ஜூலையில் அக்கவுண்டியின் டைரான்சா ஊரருகே வெள்ளையரும் கறுப்பருமாகப் பதினெட்டுப் பேர் கூடித் 'தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்க'த்தைத் தோற்றுவித்தனர். நிறபேதம் வேரூன்றிய அந்நாளில் அது எளிய செயலன்று. குடிகளுக்குச் சாதகமாக ஒப்பந்தத்துக்குப் பொருள் கூறிய விவசாய இலாகாவின் சட்ட அதிகாரிகள் 1935 பிப்ரவரியில் வேலை இழந்தனர்.

இன்றைய ஏற்பாடு வேறு. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நெல்லுக்கு நூறு பவுண்டுக்கு 14 டாலர் என ஆதார விலை வகுத்தது. 2025-இல் அதை உயர்த்தினார்கள். சந்தை விலை ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைச் சர்க்கார் தரும். எத்தனை ஏக்கருக்கு? இவ்வாண்டு பயிரிட்ட ஏக்கருக்கன்று; பழைய சாகுபடியைக் கொண்டு பதிவேட்டில் எழுதப்பட்ட 'அடிப்படை ஏக்க'ரில் 85 சதவீதத்துக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆதார விலை 14 டாலர், சந்தை விலை 12 டாலர், பதிவான விளைச்சல் ஏக்கருக்கு ஐம்பது நூறு-பவுண்டு என்று கொள்வோம். நூறு ஏக்கர்காரருக்கு 85 × 50 × 2, அதாவது 8,500 டாலர். ஆயிரம் ஏக்கர்காரருக்கு 85,000. நெல் ஏக்கரில் சோயா விதைத்திருந்தாலும் தொகை உண்டு. நபர் ஒருவருக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் கூட்டுப் பண்ணையில் பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு!

ரொக்கக் குத்தகைக்கு உழுபவருக்கு இப்பொழுது பணம் நேரே வருகிறது. இது முன்னேற்றந்தான். ஆயினும் மானியம் வரும் நிலத்துக்குக் குத்தகையும் கூடுகிறது. ஒரு பகுதி நிலக்காரரிடமே திரும்புகிறது.

இது அயல்நாட்டுக் கதை மட்டுமன்று. நம் நாட்டில் 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டம், நிலமுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 6,000-த்தை மூன்று தவணைகளில் தருகிறது. பட்டா இல்லாத குத்தகைக்காரர், வாரத்துக்கு உழுபவர் அதில் இல்லை.

மானியமே கூடாது என்பதல்ல என் வாதம். விலை வீழ்ந்தால் விவசாயி தாங்கமாட்டான். ஆனால் அடுத்த முறை விடுதியில் இப்பேச்சு எழும்போது, "எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்பதோடு நில்லாமல், "எந்தப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?" என்றும் கேட்போமாக.