செந்நாய்க் கூட்டமும் ஆட்டுப்பட்டியும்

ஊத்தங்கரைப் பகுதியில் விடியற்காலையில் பட்டியிலே ஆடுகள் மடிந்து கிடக்கக் கண்டால், உடனே செந்நாயின்மேல் பழி சுமத்துதல் தகாது. அதன் வேட்டை முறையை அறிந்தோர் உண்மையை எளிதில் உணர்வர்.

நமது மாவட்டத்தின் மேற்கே காவிரிக்கரைக் காடுகளில் வாழும் செந்நாய், சுமார் 15 கிலோ எடையுள்ள சிறு பிராணியேயாம்; அதன் பலம் கூட்டத்திலுள்ளது. பெரும்பாலும் காலையிலும் மாலையிலுமே வேட்டையாடும். சில நாய்கள் புதரினுள் புகுந்து இரையைக் கிளப்ப, ஏனையவை ஓரத்தில் நின்று மறிக்கும். சிதறிய கூட்டம் சீழ்க்கையொலியால் மீண்டும் ஒன்றுசேரும். ஓடும் மானைப் பின்புறமும் விலாவிலும் கடித்து வீழ்த்தி, விரைவில் தின்று தீர்க்கும். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் இதனை ஆராய்ந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், புள்ளிமானே இதன் முக்கிய இரை எனக் கண்டார். பயிரைச் சேதப்படுத்தும் காட்டுப்பன்றியையும் இது கொல்வதுண்டு.

ஆகவே, இரவில் பட்டியில் நுழைந்து, பல ஆடுகளைக் குதறி, தின்னாமல் விட்டுச்செல்வது பெரும்பாலும் ஊரில் கட்டின்றித் திரியும் நாய்களின் செயலேயாம்.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. காட்டோரத்தில் ஆடுகளைக் காவலின்றி மேயவிடலாகாது.

2. இரவில் உயர்ந்த, இடைவெளியற்ற வேலியுள்ள பட்டியில் அடைத்தல் வேண்டும்.

3. இறந்த கால்நடைகளை வெளியில் எறியாது ஆழப் புதைத்தல் நலம். எறிந்தால் நாய்கள் பெருகும்.

4. நஞ்சு வைத்தல் கூடாது. அது காவல் நாயையும் கழுகையும் சேர்த்தே மாய்க்கும். செந்நாயைக் கொல்லுதல் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

5. சேதம் நேர்ந்தால், சடலத்தை அகற்றுமுன் கிராம நிர்வாக அலுவலர், கால்நடை மருத்துவர், வனத்துறையினர் ஆகியோருக்கு அறிவித்து, காயங்களையும் காலடித் தடங்களையும் காட்டுதல் அவசியம்.