கல்லும் கரும்பலகையும்

தலைமை என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு மேடையும் மாலையும் நினைவுக்கு வரும். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எனக்கோ ஒரு கற்சுவர் நினைவுக்கு வருகிறது. அது எங்கள் உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், இவ்வூர் மகாசபையார் தங்களுக்கென்று வகுத்துக்கொண்ட விதிகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அக்கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக நாம் அனைவரும் பாடநூலில் படித்திருக்கிறோம். ஆனால் தலைவனாக இருப்பது எப்படி, ஊராரிடம் பேசுவது எப்படி, துன்ப காலத்தைத் தாங்குவது எப்படி என்ற மூன்றையும் அவை ஒருங்கே கற்பிக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் தேர்தல் முறையைப் பார்ப்போம். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய வார்டு என்று கொள்ளலாம். தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். சிறியோரும் பெரியோருமாகக் கூடிய சபையின் நடுவே, வயதில் மூத்த நம்பி ஒருவர் அக்குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன், ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் படித்த பின்னர், அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை உரக்கப் படிக்க வேண்டும்.

விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? வேறோர் ஓலை மறைந்திருக்க இடம் இராது. ஏன் பலர் படிக்க வேண்டும்? ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவேண்டிய நிலை ஊராருக்கு நேராது. நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது, அந்த நேர்மை பிறர் கண்ணுக்கும் காதுக்கும் எட்ட வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

இப்படித் தேர்ந்தவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றார்கள். பதவிக் காலம் 360 நாள். குற்றம் செய்தவர் இடையிலேயே நீக்கப்படுவார். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் வர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படாது. கணக்கு எழுதியவன் தன் கணக்கைத் தானே வந்து ஒப்புவிக்க வேண்டும். வேறொருவன் புகுந்து அதை முடித்து வைக்கலாகாது. தலைமை என்பது கணக்கு ஒப்புவிக்கும் கடமை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

இந்த முறையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இது அந்தணர் குடியிருந்த சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது ஆகியவை தகுதிகளாக இருந்தன. உழுதவர்க்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. அந்தக் கதவை நம் காலம்தான் திறந்தது. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் ஊராட்சியில் இடம் ஒதுக்கியது. கிராம சபை கூடும் நாளில் எவரும் எழுந்து கணக்குக் கேட்கலாம். பழைய கல்லின் நெறியைப் பழைய வேலியின்றி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது.

இனித் துன்ப காலத்துக்கு வருவோம். எங்களுடையது ஏரிப்பாசன நாடு. இவ்வூர் ஏரியைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் வைரமேக தடாகம் என்று குறிக்கின்றன. ஏரி வறண்டாலும் துன்பம், கரை மீறினாலும் துன்பம். 2015-ஆம் ஆண்டு நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். தாழ்ந்த பகுதிக் குடும்பங்கள் பள்ளிக் கட்டடத்தில் வந்து தங்கின. மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இயங்கவில்லை. இரண்டாம் நாள் இரவில், ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று எவரோ சொன்னார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் வெளியேறப் பலர் எழுந்துவிட்டார்கள். வெளியே சாலையிலும் வெள்ளம்.

மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டியும் இரண்டு இளைஞர்களும் விளக்கோடு சென்று பார்த்து வந்தார்கள். கலங்கல் வழியே நீர் பாய்கிறது, கரை உறுதியாக இருக்கிறது என்றார்கள். அதைக் கரும்பலகையில் எழுதினேன். பார்த்தவர் பெயரையும் நேரத்தையும் சேர்த்து எழுதினேன். அடுத்த செய்தி விடியற்காலை ஐந்து மணிக்கு என்றும் குறித்தேன். படிக்கத் தெரியாத முதியவர்களுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் உரக்கப் படித்துக் காட்டினார்கள். சிறிது நேரத்தில் எல்லோரும் அமர்ந்துவிட்டார்கள்.

மறுநாள், ‘அரிசி நாளை மாலை வரைதான் இருக்கிறது’ என்பதையும் அதே பலகையில் எழுதினேன். இதை எழுதினால் கலவரம் வருமே என்று உடனிருந்த நண்பர் அஞ்சினார். கலவரம் வரவில்லை. மேட்டுத் தெருக்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்து வந்து கொடுத்தார்கள். இருப்பைத் தெரிவித்ததனால் இல்லாமை பொதுவாயிற்று. பொதுவான துன்பத்துக்குப் பல கைகள் கிடைக்கின்றன.

துன்பத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று நேர்ந்துவிட்ட இழப்பு. மற்றொன்று, என்ன நேரும் என்று அறியாத திகைப்பு. முதலாவதைத் தலைவனால் பெரும்பாலும் மாற்ற முடியாது. இரண்டாவதைத் தெளிவான சொல்லால் பாதியாவது குறைக்கலாம். அறிந்ததைச் சொல்ல வேண்டும். அறியாததை அறியேன் என்று சொல்ல வேண்டும். அடுத்து எப்போது சொல்வோம் என்பதையும் குறித்து, குறித்த வேளையில் வந்து நிற்க வேண்டும். செய்தி ஒன்றும் இல்லையென்றாலும் வந்து நிற்க வேண்டும்.

இந்த நெறி வீட்டுக்கும் பொருந்தும். விளைச்சல் பொய்த்துக் கடன் ஏறிய குடும்பத் தலைவர்கள் பலர், மனைவி மக்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் தாமே சுமக்கிறார்கள். அது அன்பினால் செய்வதுதான். ஆனால் வீட்டில் உள்ளவர்கள் முகத்தைப் பார்த்து, உள்ளதைவிடப் பெரிதாக அஞ்சுகிறார்கள். சுமப்பவரோ தனியே நொடிந்து போகிறார். ஒரு மாலைப் பொழுதில் எல்லோரையும் அருகில் அமர்த்தி, வரவு இவ்வளவு, கடன் இவ்வளவு, இனிச் செய்யக்கூடியது இது என்று சொல்லிப் பாருங்கள். கடன் அன்றே தீராது. ஆயினும் அதைத் தீர்க்கும் வழியை நினைக்க நான்கு பேர் இருப்பார்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்படும் மனிதனுக்கு அந்தத் துணை சிறிதன்று.