காணாமல் வாங்கும் மெத்தை

ஒரு காலத்தில் மெத்தை என்பது நம் வீட்டு வாசலிலேயே, நம் கண்ணெதிரிலேயே உருவான பொருளாகும். போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து இலவம்பஞ்சு வரும். பஞ்சு கொட்டுபவர் தம் வில்லுடன் தெருவில் அமர்வார். வீட்டுப் பெண்மணி அருகில் நின்று, எத்தனை கிலோ பஞ்சு உறைக்குள் போகிறது என்பதைத் தராசு முள்ளைப் பார்த்தே எண்ணிக்கொள்வார். அத்தொழிலில் ஈடுபட்டோருள் நம் சமுதாயத்தவர் பலர். ‘பஞ்சுகொட்டி’ என்று தமிழிலும் ‘தூதேகுலா’ என்று தெலுங்கிலும் அழைக்கப்பட்ட அம்மக்களின் பெயர், தமிழக அரசு 2007-இல் முஸ்லிம்களுக்கு வழங்கிய 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

இன்றோ நிலைமை வேறு. திண்டுக்கல் சாலையிலுள்ள நம் சமயநல்லூர் போன்ற ஊர்களில் மெத்தை பார்ப்பதற்கென்று மதுரைக்குப் பேருந்து ஏறுவோர் குறைந்துவிட்டனர். மகன் கைப்பேசியில் ஒரு படத்தைத் தொடுகிறான். நான்கு நாளில் காற்று உறிஞ்சப்பட்டுச் சுருட்டப்பட்ட ஒரு பொதி வாசலில் வந்து இறங்குகிறது. நிக்காஹ் நாள் குறித்த வீடுகளில் இது இன்னும் மிகுதி. (மணமகள் வீட்டார் கட்டிலும் மெத்தையும் தந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தகாது என்பது என் எண்ணம். அதைத் தனியே பேச வேண்டும்.)

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நாமெல்லாம் அறிந்ததே. கைப்பேசியில் வாங்குகிறவனுக்கு அந்தக் கை இல்லை. மேலே தெரிவது அழகிய விரிப்பும் வெண்ணிற அறையும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது படத்தில் வராது. ஆகவே கைக்குப் பதிலாக எண்களைக் கொண்டுதான் குவியலின் உள்ளே நுழைய வேண்டும்.

பொருளைக் காணாமல் வாங்குவது பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் நிறையவே பேசுகின்றன. ஹனஃபீ மத்ஹபில் அத்தகைய வியாபாரம் செல்லும். ஆனால் கண்ட பிறகு ஏற்கவோ மறுக்கவோ வாங்குபவருக்கு உரிமை உண்டு. ‘கியாருர் ருஃயா’ என்பது அதற்குப் பெயர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றின்படி, கண்ணால் காணாத குறிப்பிட்ட ஒரு பொருளை விற்பது செல்லாது. தன்மைகளைத் தெளிவாக வரையறுத்து, விற்பவர் பொறுப்பேற்றுத் தரும் பொருளை விற்பது செல்லும். இரண்டிலிருந்தும் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே: வருணனை தெளிவாக இருக்க வேண்டும், திருப்பித் தரும் வழி திறந்திருக்க வேண்டும். வாங்கும் நாளிலேயே அந்தப் பக்கம் முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் ஒப்பந்தப் பத்திரம்! பின்னர் அப்பக்கம் மாற்றி எழுதப்படலாம்.

இனி, மெத்தையின் உள்ளே செல்வோம். ஃபோம் மெத்தையின் ஆயுளை முதன்மையாகத் தீர்மானிப்பது அதன் அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பது. மென்மையும் அடர்த்தியும் ஒன்றல்ல. எடை குறைந்த ஃபோமையும் கெட்டியாகத் தோன்றும்படி செய்ய இயலும். அது சில மாதங்களில் குழி விழுந்துவிடும். பெரியவர் ஒருவர் நாள்தோறும் படுக்கும் மெத்தைக்கு அடர்த்தி 32-க்குக் குறையாமல் இருப்பது நன்று. 40 இருந்தால் மிக நன்று. ‘உயர் அடர்த்தி’ என்று எழுதி எண்ணைச் சொல்லாத பக்கங்களை நான் நம்புவதில்லை.

எண் இல்லாவிட்டால் நாமே கண்டுபிடிக்கலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,024-ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டார் தம் மகளின் திருமணத்திற்காக ஆறடிக்கு நான்கடி, ஆறு அங்குல உயரத்தில் ஒரு ஃபோம் மெத்தையை வரவழைத்தனர். ஓராண்டுக்குள் நடுவில் பள்ளம் விழுந்தது. அதை அரிசிக் கடைத் தராசில் ஏற்றினோம். உறையோடு சேர்த்து 7 கிலோ! 72, 48, 6 மூன்றையும் பெருக்கினால் 20,736. 61,024-ஆல் வகுத்தால் 0.34 கன மீட்டர். ஏழு கிலோவை 0.34-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20 தான் வருகிறது. 32 அடர்த்தி என்றால் ஃபோம் மட்டுமே 11 கிலோ அளவுக்கு இருந்திருக்க வேண்டும். விற்ற நிறுவனமோ, மெத்தையில் தேநீர்க் கறை இருப்பதால் உத்தரவாதம் செல்லாது என்று கூறிவிட்டது. அந்தப் பெண் மாமியார் வீட்டில் கேட்ட சொற்களுக்கு யார் ஈடு செய்வார்?

பெரும்பாலான விற்பனைப் பக்கங்களில் பொருளின் எடை எங்கோ ஒரு மூலையில் இருக்கும், வாங்குமுன் கணக்கிட்டுவிடலாம். முழுதும் ஃபோமால் ஆன மெத்தைக்கே இக்கணக்கு பொருந்தும். ஸ்பிரிங் மெத்தைக்குப் பொருந்தாது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகக் காண்போம். ரப்பர் பால் தெளித்து அழுத்திய தென்னை நார் மெத்தை கெட்டியானது, காற்றோட்டம் உடையது, மதுரைக் கோடைக்கு ஏற்றது. பல ஆண்டுகளில் நார் முறிந்து தூளாக உதிரும். பெருமானார் (ஸல்) அவர்களின் படுக்கையும் பேரீச்ச நார் திணித்த தோலால் ஆனதுதான் என்பதை நினைக்கையில் நாருக்கு ஒரு தனி மரியாதை தோன்றுகிறது. லேடெக்ஸ் என்பது ரப்பர் பாலிலிருந்து செய்யப்படுவது. நீடித்து உழைக்கும், விலையும் அதிகம். அதில் செயற்கை ரப்பரும் கலக்கப்படுவதுண்டு என்பதால், ‘இயற்கை’ என்பது எத்தனை விழுக்காடு என்று கேட்க வேண்டும். மெமரி ஃபோம் 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளின் பொருட்டு உருவாக்கப்பட்டது. உடற்சூட்டில் இளகுவதும் சூட்டைத் தேக்குவதும் அதன் இயல்பு. குளிர்சாதனம் இல்லாத அறையில் சித்திரை மாதம் அதன்மேல் படுப்பவர் வியர்வையில் நனைவார். ஸ்பிரிங் மெத்தையில், ஒவ்வொரு கம்பிச் சுருளும் தனித்தனித் துணிப்பையில் உள்ள வகையே நல்லது. ஒருவர் புரண்டால் மற்றவர் விழிக்க மாட்டார்.

‘ஆர்த்தோ’ என்னும் சொல்லைக் கண்டவுடன் முதுகுவலிக்கார அம்மாவுக்கென்று பலகை போன்ற மெத்தையை வாங்கிவிடுகிறோம். அச்சொல் மருத்துவச் சான்று ஆகாது. ஸ்பெயினில் நீடித்த இடுப்புவலி உடைய 313 பேரிடம் செய்து 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையை விட நடுத்தரக் கெட்டியான மெத்தையே அதிக நலம் தந்தது. கைக்குழந்தைக்கு மட்டும் சமமான, கெட்டியான படுக்கை வேண்டும். மிருதுவான தலையணை அதன் மூச்சை அடைக்கக்கூடும்.

அளவிலும் ஏமாறுவோர் பலர். நம் தச்சர்கள் செய்த பழைய கட்டில்கள் கடை அளவுக்கு ஒத்து வருவதில்லை. ஆகவே சட்டத்தின் உட்புறத்தை நாடாவால் அளந்த பிறகே தொடுங்கள். சொல்லிச் செய்யும் அளவுக்குப் பெரும்பாலும் ‘திரும்பப் பெறுவதில்லை’ என்ற நிபந்தனை இருக்கும். நூறு இரவுச் சோதனை என்ற விளம்பரம் அங்கே உதவாது. உயரமும் கவனிக்கத் தக்கது. உயரமான கட்டிலில் பத்து அங்குல மெத்தையைப் போட்டுவிட்டால், பஜ்ருக்கு எழும் முதியவரின் பாதம் தரையைத் தொடாது.

உத்தரவாதம் ‘10 ஆண்டு’ என்றிருந்தால், எத்தனை அங்குலப் பள்ளத்திற்கு அது பொருந்தும், கறை பட்டால் என்னாகும் என்பதைப் படியுங்கள். முதல் நாளே ஒரு பாதுகாப்பு உறை போடுங்கள். ‘வட்டியில்லாத் தவணை’யிலும் பல வேளைகளில் வங்கி வட்டி வாங்கவே செய்கிறது, கடை அத்தொகையைத் தள்ளுபடியாகக் காட்டுகிறது.

வந்த பொருள் வருணனைக்கு மாறாகவோ குறையுடையதாகவோ இருந்தால், திரும்ப ஏற்க மறுக்க விற்பவருக்கு அதிகாரமில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்தில் அவர்கள் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கிடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. எடுத்து வைத்த படமும் பணம் செலுத்திய சீட்டும் அங்கே உங்களுக்காகப் பேசும்.

இறுதியாக, பழக்க தோஷத்தால் நேரும் ஒரு தவறு. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டால் அது உப்பிப் புத்துயிர் பெறும். ஃபோமையும் லேடெக்ஸையும் அவ்வாறு போடாதீர்கள். நேரடி வெயிலில் அவை மஞ்சளித்துப் பொடியும். நிழலில், காற்று வரும் இடத்தில் நிறுத்தி வைத்தாலே போதும்.