டிக்கெட் எடுக்காதவரும் காசு கொடுக்கணும்!

2013 ஜனவரியில் ஒரு வேடிக்கை நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டர், ஆட்டோவுக்கு நடுவே நம்ம அரசு பஸ்ஸும் வந்து வரிசையில் நின்றது! 'டெப்போவிலேயே டீசல் பிடிப்பாங்களே?' என்று பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

விஷயம் இதுதான். மொத்தமாக டீசல் வாங்குகிறவர்களுக்கு இனி மானியம் கிடையாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. ஊர் உலகத்தில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். இங்கே லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கூடியது! 'அப்படியா சங்கதி?' என்று தமிழக அரசு பஸ்களைச் சில்லறை பங்க்குக்கே திருப்பிவிட்டது.

சாமர்த்தியம்தான். ஆனால் எத்தனை நாளைக்கு? 2014 அக்டோபரில் சில்லறை டீசலுக்கும் விலைக் கட்டுப்பாடு போய்விட்டது.

மானியம் சுருங்கினால் கடைசியில் கை நீள்வது பயணியின் பர்ஸுக்குத்தான். 2018 ஜனவரி 20-ல் கட்டணம் ஏறியது. சென்னையில் 3 ரூபாய் டிக்கெட் 5 ரூபாய் ஆனது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பத்து நாளுக்குள் கொஞ்சம் குறைத்தார்கள்.

"ரெண்டு ரூபாதானே சார்?" என்பீர்கள். போக ரெண்டு பஸ், வர ரெண்டு பஸ் ஏறும் பூக்காரம்மாவுக்கு அது தினம் எட்டு ரூபாய், மாசம் இருநூறு! வசதியுள்ளவர் ஸ்கூட்டர் வாங்கிவிடுவார். பஸ்ஸில் வசூல் குறையும். டிரிப்பை வெட்டுவார்கள். பூக்காரம்மா மட்டும் ஸ்டாப்பிங்கிலேயே நிற்பார்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பூக்காரம்மாவுக்கு நிம்மதி. ஆனால் அந்தத் தொகையை அரசு ஒழுங்காகக் கொடுத்தால்தானே சக்கரம் சுழலும்?

சரி, பஸ்ஸால் லாபம் அதில் ஏறுகிறவருக்கு மட்டும்தானா? ஆட்கள் நேரத்துக்கு வேலைக்கு வந்தால் முதலாளிக்கும் லாபம். அதனால்தான் பாரிஸ் வட்டாரத்தில் 1971 முதல் முதலாளிகளிடம் சம்பளக் கணக்கைப் பார்த்துப் போக்குவரத்து வரி வாங்குகிறார்கள். பஸ்ஸில் நாலு பேர் ஏறினால் கார்க்காரருக்கு ரோடு காலி. லண்டனில் 2003 பிப்ரவரி முதல் நகரின் மையத்துக்குள் காரில் நுழைந்தால் கட்டணம். மிஞ்சுகிற வரும்படி போக்குவரத்துக்கே!

ஒன்று... காசு கேட்பதற்கு முன்னால் பஸ் ஒழுங்காக வரணும். லண்டனில்கூட கூடுதல் பஸ்களை விட்டுவிட்டுத்தான் கார்க்காரரிடம் கை நீட்டினார்கள்.

"டிக்கெட்... டிக்கெட்..." என்று நம்ம கண்டக்டர் தொண்டை வறளக் கத்துகிறார். பக்கத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காரில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் அது விழணும்!