ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்

பள்ளிக் கணினியில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு லினக்ஸையும் நிறுவலாம். இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிக்கல் பிறகுதான் தொடங்கும். மாணவர் விண்டோஸ் பகுதியில் சேமித்த கோப்பு லினக்ஸில் திறக்கும். திருத்திச் சேமிக்க முயன்றால் மறுக்கும். லினக்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டி அதை நீக்கிவிடுவதும் உண்டு. பாவம், தவறு அதனுடையதல்ல.

விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி உள்ளது. இதனால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. தன் நிலையை வன்தட்டில் எழுதிவைத்து உறங்குகிறது. அந்நேரத்தில் அங்கே எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். அதனால்தான் லினக்ஸ் மறுக்கிறது.

கண்ட்ரோல் பேனலின் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் அவ்வசதியை அணைத்துவிடுங்கள். அதற்கு அனுமதி இல்லாத கணினியில் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தே லினக்ஸுக்கு மாறுங்கள். அப்போது விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்ளும்.