எடை போடாத பெட்டிக்கு ‘ஓகே’: லினக்ஸ் கெர்னல்ல ஒரு பக்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

நான் ராமநாதபுரத்துக்காரன். அதனால இன்னிக்கு ஒரு கெர்னல் பக்கை நண்டுப் பெட்டியை வச்சுத்தான் சொல்லப்போறேன்.

பாம்பன்ல இருந்து மதுரைக்கு நண்டு அனுப்புறோம்னு வைங்க. பெட்டிக்குள்ள எடை எழுதின சீட்டு. மதுரையில எடை போட்டுப் பார்ப்பாங்க. சீட்டோட ஒத்து வரலைன்னா பெட்டியை எடுக்க மாட்டாங்க, வேற பெட்டி அனுப்பணும். டிசிபி செக்சம் செய்யறது இதே வேலைதான். அனுப்புற மெஷின், டேட்டாவை 16 பிட் துண்டுகளாக் கூட்டி, அதுல இருந்து வர்ற எண்ணை ஹெடர்ல எழுதும். வாங்குற மெஷின் திரும்பக் கூட்டும். ஒத்து வரலைன்னா பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடும். ‘வந்து சேர்ந்துச்சு’ன்னு பதில் வராததால, அனுப்பின மெஷின் மறுபடி அனுப்பும்.

“ஈதர்நெட்லயே ஒரு செக் இருக்கே?”ன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அது பெட்டிக்கு வெளியே ஒட்டுற சீட்டு மாதிரி. வண்டி மாறும்போது பரமக்குடியில புதுச் சீட்டு ஒட்டிட்டா, நடுவுல நண்டு குறைஞ்சது வெளியே தெரியாது. அதே மாதிரி ஒரு ஸ்விட்ச்சுக்குள்ள டேட்டா கெட்டுப்போய், அதுக்கப்புறம் புது செக் போடப்பட்டா, உள்ளே இருக்குற செக்சம்தான் காட்டிக் கொடுக்கணும்.

2015 கடைசியில ட்விட்டர்ல அதுவும் காட்டிக் கொடுக்கலை. நெட்வொர்க் ஹார்ட்வேர் பாக்கெட்டுகளைக் கெடுத்துச்சு. அது நடக்கக்கூடியதுதான். ஆனா கெட்ட டேட்டா அப்ளிகேஷன் வரைக்கும் போய்ச் சேர்ந்துச்சு. விஜய் பாண்டுரங்கன், இவான் ஜோன்ஸ் ரெண்டு பேரும் தேடிப்போய் நின்ன இடம், வீ-எத் டிரைவர். கன்டெய்னரை வெளி உலகத்தோட இணைக்கிற, மெஷினுக்குள்ளேயே இருக்குற கற்பனைக் கேபிள்.

நெட்வொர்க் கார்டு ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு குறிப்பு வைக்கும். ஒண்ணு, “செக்சம் பார்த்துட்டேன், இனி பார்க்க வேண்டாம்.” இன்னொண்ணு, “நான் உறுதி சொல்லலை, நீயே பாத்துக்கோ.” கெட்ட பாக்கெட்டுக்கும் இந்த ரெண்டாவது குறிப்புதான். வீ-எத் என்ன பண்ணுச்சுன்னா, ரெண்டாவதை அழிச்சு முதல் குறிப்பை எழுதிடுச்சு! கன்டெய்னர் பக்கம் கெர்னலும் அதை நம்பி, கூட்டிப் பார்க்காமலே டேட்டாவைக் கொடுத்துடுச்சு.

ஏன் அப்படி எழுதினாங்க? ஒரே மெஷின்ல ரெண்டு கன்டெய்னர் பேசும்போது செக்சம் கணக்கு போடுற நேரத்தை மிச்சம் பிடிக்கன்னுதான் அவங்க ஊகம். இதுல வேடிக்கை, உள்ளேயே உருவாகுற பாக்கெட்டுகளுக்கு ஏற்கனவே மூணாவதா வேற ஒரு குறிப்பு இருக்கு. அதுங்களுக்கு இந்தக் கோடு எதுவுமே செய்யலை. வெளியில இருந்து வந்த பாக்கெட்டுக்கு மட்டும்தான் ‘வேலை’ செஞ்சுச்சு.

சரி, ஃபிக்ஸ் என்ன? அந்தச் சில வரிகளை டெலீட் பண்ணினாங்க. அவ்வளவுதான். மாற்றம் மெயின் கெர்னலுக்குப் போச்சு, பழைய ஸ்டேபிள் வெர்ஷன்களுக்கும் கொண்டு போனாங்க.

டிஎல்எஸ் போட்ட கனெக்‌ஷனா இருந்தா, கெட்ட டேட்டா அங்கேயே மாட்டியிருக்கும். டேட்டா சென்டருக்குள்ள “நம்ம வீடுதானே”ன்னு அதை விட்டுட்டா, ஒரு எண் மாறினாலும் எர்ரர் வராது. கிராஷ் ஆனாலாவது தெரியும், இது தப்பான பதிலாவே டேட்டாபேஸ்ல உக்காந்துடும்.

உங்க கோடுல எங்கேயாவது ‘தெரியலை’ங்கிறதை ‘சரி’ன்னு மாத்துற வரி இருக்கா? இந்த வாரம் ஒருதடவை தேடிப் பாருங்க. கிடைச்சா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!