'கிரீச்... கிரீச்!' என்று கத்துகிறதா பிரேக்? காரில் போகிறவர்களே, உஷார்!

குந்தாரப்பள்ளி,
ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் போகும் கார்கள், இரவு பகலாகக் குந்தாரப்பள்ளியைத் தாண்டித்தான் பறக்கின்றன. அத்தனை கார்களிலும் பிரேக் பிடிக்குமா?

இதே சாலையில் தருமபுரிக்கு அப்பால் இருக்கிறது தொப்பூர் கணவாய். 2020 டிசம்பர் 12-ந் தேதி, தறிகெட்டு ஓடிய சிமெண்டு லாரி அங்கே கார்கள் மீது அடுத்தடுத்து மோதியது. 4 பேர் பலியானார்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், லாரியோ காரோ, சூடேறிப் பிடிக்காமல் போகும். பேடும் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்!

சத்தம் சொல்லும் சேதி

மிதித்ததும் 'கிரீச்' என்றால் பேடு தேய்ந்திருக்கலாம். பல பேடுகளில் உள்ள சிறு தகடு, டிஸ்க்கில் உரசி இப்படி எச்சரிக்கும். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும், விடுப்பா" என்று விட்டால் அடுத்து 'கரகர' சத்தம். இரும்போடு இரும்பு உரசுகிறது! பேடோடு முடியும் செலவு, டிஸ்க்குக்கும் தாவும்.

கார் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு பேடில் ஆயில் பட்டிருக்கலாம், காலிப்பர் இறுகியிருக்கலாம். ஸ்டியரிங் உதறினால் டிஸ்க்கைப் பார்க்கவேண்டும். பேடு தேயத்தேய பிரேக் ஆயிலும் இறங்கும். ஆயிலை மட்டும் ஊற்றிச் சமாளிக்கக்கூடாது.

உள்பக்கம் பாருங்க!

வெளிப்பக்க பேடு நன்றாக இருக்கும். உள்பக்கம் தேய்ந்து கிடக்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்க்கவேண்டும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றவேண்டியதுதான். அதுவும் இடது, வலது சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து!

இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவதே நல்லது. பேடைப் பார்க்கவேண்டிய இடம் ஒர்க்ஷாப். கணவாயில் இறங்கும்போது அல்ல!